அண்ணியின் கரிப்பூச்சு

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘ஆசிட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலிக்கான் தகட்டை ஆசிட் தொட்டியில் இறக்கி, கரண்ட் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைவது அவள் வேலை. பார்வைக்கு நகமளவு தகடு. உள்ளே கடற்பஞ்சு மாதிரி கோடிக்கணக்கான துளைகள். துளைச் சுவர்களின் பரப்பு கூடக் கூட, தகட்டில் தேங்கும் மின்சாரமும் கூடும். தனியாக பேட்டரி வேண்டாம், சிப்புக்குள்ளேயே மின்சாரத்தைச் சேமித்துவிடலாம் என்பதுதான் அங்கே எல்லோரும் மெனக்கெட்ட காரியம்.

அவள் குடைந்த அளவுக்கு மெல்லிய துளைகள் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் மின்சாரத்தைச் சேமிக்க மின்கடத்தும் திரவத்தில் நனைத்ததும் சிலிக்கான் அரிபடத் தொடங்கிவிடும். சேமிப்பு படுத்துவிடும்.

அதைத் தீர்த்தவள் அவளுடைய அண்ணி. வேதியியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ஆய்வகத் தலைவரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். அண்ணி தகட்டை உலையில் வைத்து வாயுவைச் செலுத்தி, துளைகளின் உட்சுவர் முழுக்க மிக மெல்லிய கரிப்பூச்சு படியவைத்தாள். அப்புறம் எத்தனை தடவை மின்சாரம் ஏற்றி இறக்கினாலும் தகடு அசையவில்லை.

‘அக்காவோட தகடு’ என்ற பேச்சு போய் ‘அண்ணியோட கோட்டிங்’ என்றாகிவிட்டது. இவள் கூப்பிடுவதைக் கேட்டு ஆய்வகமே அவளை அண்ணி என்றது. அதுவும் இவளுக்கு எரிந்தது.

வீட்டில் அம்மா வேறு. “என் மருமக கை வச்சா எல்லாம் துலங்குது.”

“அவங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி ஓட்டை போட்டது யாரும்மா?”

“ஓட்டை போடறதெல்லாம் ஒரு வேலையாடி?”

அன்று அவள் பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஒரு வாரம் அண்ணி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, புதிய சிப்புக்குத் தகடுகள் உடனே வேண்டும் என்றார் தலைவர். “நானே பூசிடறேன் சார், என்ன பெரிய வித்தை!” என்று முன்வந்தாள். தன் கைவரிசை முழுவதையும் காட்டி முன்பைவிட மெல்லிய துளைகளாகக் குடைந்தாள். உலையில் வைத்து வாயுவைத் தாராளமாகத் திறந்துவிட்டாள். கரி துளை வாயிலேயே அடைத்துக்கொண்டது, உள்ளே போகவில்லை. அத்தனை தகடும் வீண்.

வேறு வழியில்லாமல் போன் செய்தாள்.

“கேஸைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. அவசரப்பட்டா வாயிலயே அடைச்சுக்கும்” என்றாள் அண்ணி. பிறகு தயங்கி, “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? ஓட்டையைக் கொஞ்சம் பெருசா போடேன்.”

“என் ஓட்டையில குறை சொல்றீங்களா?”

“குறை இல்லம்மா. ரொம்ப அழகா இருக்கு. அதான் உள்ள எதுவும் நுழைய மாட்டேங்குது.”

பல்லைக் கடித்துக்கொண்டு, புதுத் தகடுகளில் கரண்டைக் கூட்டி, துளைகளை அகலமாக்கினாள். வாயுவைச் சொட்டுச் சொட்டாக விடுவதுபோல விட்டாள். தகடுகள் அருமையாக வந்தன. பூச்சு துளைகளின் அடிவரை போய்ச் சேர்ந்ததால், பழையவற்றைவிடக் கூடுதலாகவே மின்சாரம் தேங்கியது.

அண்ணி திரும்பி வந்த அன்று, தலைவர் எல்லோர் முன்னிலும் அவளிடம், “நீங்க ஊர்ல இல்லாட்டியும் உங்க கோட்டிங் பிரமாதம்!” என்றார்.

இவளுக்கு நெஞ்சு காந்தியது. வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். “சார், அது நான் போட்டதில்ல. குடைஞ்சதும் அவதான், பூசினதும் அவதான்.”

எல்லோரும் இவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவளுக்குத் தோன்றியது வேறு. இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்க அண்ணியால் எப்படி முடிகிறது? நல்ல பேரும் இப்போது அண்ணிக்குத்தானே!

இனி இரண்டு பேரும் இரண்டு வேலையையும் பழகிக்கொள்ளட்டும் என்றார் தலைவர். மறுநாள் அண்ணி ஆசிட் தொட்டிமுன் வந்து நின்றாள். இவள் ஒன்றையும் மறைக்காமல், சொல்ல வேண்டியதை எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். அப்படியும் அண்ணி குடைந்த முதல் தகடு பொரிந்து, உதிர்ந்து, தொட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது.

“போச்சே!” என்றாள் அண்ணி, முகம் வாடி.

“பழகப் பழக வந்துடும் அண்ணி” என்றாள் இவள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று மதியம் அவள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.