பேருந்துப் பாட்டுக்கு மேலே

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் தனியார் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன். அதில் அலறும் பாட்டு எனக்கு ஆகவே ஆகாது. யாருக்காகப் போடுகிறார்களோ. அது கேட்காமலிருக்க இயர்போனை மாட்டி, என் பாட்டை அதற்கும் மேலே ஏற்றி வைப்பேன். பத்து வருடம் இதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் இடது காதுக்குள் விசில் மாதிரி ஓர் இரைச்சல் தொடங்கியது. நிற்கவே இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன்.

"பஸ் சத்தம் பத்தாதுன்னு நீங்க வேற அதுக்கு மேல வச்சிருக்கீங்க. போனது திரும்ப வராதுங்க. இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க. இனிமே பாதி சத்தத்துக்கு மேல போவாதீங்க" என்றார். இரைச்சலுக்கு மருந்து கேட்டேன்.

"பழகிக்கணும்" என்றார்.

மறுநாள் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பாட்டைக் குறைக்கும்படி நடத்துநரிடம் முதல்முறையாகக் கேட்டேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டுதான் வராங்க, இத யாரு கேக்கறாங்க" என்று அடியோடு நிறுத்திவிட்டார்.

பேருந்துக்குள் பாட்டு அடங்கியதும் என் காதுக்குள் விசில் ஓங்கியது. ஆலப்பாக்கம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய், "பாட்டப் போட்டுடுங்க" என்றேன்.