ஒருவருக்கொருவர் வழிவிட்ட புரோகிராம்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை நான் மார்க்குக்காகப் படிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பைத்தியம் பிடித்துப் படித்தேன். ஒரே கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுகிறது, டவுன்லோட் ஓடுகிறது, நான் டைப் அடிக்கிறேன். யாருக்கு எப்போது இடம் கொடுப்பது என்று உள்ளே ஒன்று ஓயாமல் பங்கு போட்டுக்கொண்டே இருக்கிறதாம்! அது புரிந்த அன்று பொள்ளாச்சி பஸ்ஸில் வீடு வரைக்கும் அதே நினைப்பு. பக்கத்தில் நின்ற அக்காவிடம்கூட விளக்கினேன். "அப்படீங்களா கண்ணு" என்றுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேபில் எனக்கு ஜோடி ஒரு கோட்டைமேட்டுக்காரி. மூளை என்றால் அப்படி ஒரு மூளை. ஆனால் வெளிக் கல்லூரியிலிருந்து பரீட்சை வைக்க வருகிறவர் முன்னால் நின்றால் போதும், குரல் எங்கேயோ போய்விடும். போன செமஸ்டர் வைவாவில், அதுதான் வாய்மொழித் தேர்வில், வாயே திறக்காமல் நின்று அரியர் வாங்கிப்போட்டாள். இந்த லேபும் போனால் கேம்பஸ் இன்டர்வியூவில் அவளை உட்காரவே விடமாட்டார்கள். அதுதான் என் கவலை. எனக்கா, வாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அவளுக்காக நான் பேசினால் மார்க் எனக்கல்லவா விழும்?

எங்கள் புராஜெக்ட் சின்னதுதான். இரண்டு வேலைகள், இரண்டுக்குமே அந்த ஒரே பிரிண்டரும் வேண்டும், ஒரே ஃபைலும் வேண்டும். ஒன்று பிரிண்டரையும் இன்னொன்று ஃபைலையும் பிடித்துக்கொண்டு, "நீ விடு, நீ விடு" என்று நின்றால் இரண்டும் உறைந்துபோகும். அதற்குப் பெயர் டெட்லாக். அது வராமலிருக்க ஒரு மரியாதையான வழி எழுதினோம்: மற்றது கிடைக்கவில்லையா, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடு, கொஞ்சம் பொறு, மறுபடி எடு. என்ன நல்ல குணம் என்று எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

பரீட்சை அன்று காலையில் ஓட்டிப் பார்த்தால் வேலை முடியவே இல்லை. சரி, உறைந்தாவது போனதா? அதுவும் இல்லை! "எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்" என்று திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மதியம் வைவா. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "வாடீ, சோறு தின்னுட்டு வந்து பாக்கலாம்" என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கேண்டீன் வாசல் ஒரு ஆள் நுழையும் அகலம்தான். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார், வெளியிலிருந்து ஒருவர். யாரோ மாணவர்களின் அப்பாக்கள்.

"வாங்க, நீங்க வாங்க."

"அட, இல்லீங்க. நீங்க போங்க."

இருவரும் ஒதுங்கினார்கள். சிரித்தார்கள். இருவரும் ஒன்றாகக் கால் வைத்தார்கள். மறுபடி ஒதுங்கினார்கள். "பரவால்லீங்க, நீங்க மொதல்ல." பின்னால் நிற்கிற எனக்கோ பசி உயிர் போகிறது. எங்கள் ஊர் மரியாதை ஒரு நாள் ஆளையே கொன்றுபோடும்! நல்லவேளை, ஒருவருக்கு போன் வந்தது. அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் தாண்டிப் போய்விட்டார்.

என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"ஏய், நம்ம புரோகிராம்டீ இது! ரெண்டும் ஒரே அளவு பொறுத்துட்டு ஒரே நேரத்துல வருதுடீ. ஒண்ணு மட்டும் கொஞ்சம் லேட்டா வந்தா இன்னொண்ணு போயிரும்ல?"

சோறாவது ஒன்றாவது! ஓடினோம். பொறுக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் கூடக்குறைய வருகிற மாதிரி மாற்றி எழுதினோம். ஓட்டினோம். இரண்டு வேலையும் முடிந்து திரை நின்றது. லேப் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

வைவாவுக்கு வந்தவர் எங்கள் புரோகிராமை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: "பொறுக்கற நேரத்தை ஏனுங்க இப்படி மாத்தி மாத்தி வெச்சிருக்கீங்க?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் துப்பட்டா நுனியைத் திருகினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"சார்... கேண்டீன் வாசல்ல ரெண்டு பேருங்க சார்" என்று ஆரம்பித்தாள்.

அப்புறம் நிற்கவே இல்லை. அந்த அப்பாக்களைப் போலவே ஒதுங்கிக் காட்டினாள், கால் வைத்துக் காட்டினாள், போன் தேடிக் காட்டினாள். இதற்கு லைவ்லாக் என்று பெயர், டெட்லாக்கில் சும்மா நிற்கும், இதில் உழைத்து உழைத்தே ஒன்றும் நடக்காது என்று விளாசினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் அவளே பதில் சொன்னாள். மறுபடி என்னைக் கேட்டார், அதற்கும் அவளே. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு மார்க்குப் போட்டாச்சுங்க. பாவம், அந்தப் புள்ளையும் பாஸ் ஆகோணுமில்லீங்களா? ஒரு கேள்வியாவது அதுக்கு உட்டு வைங்க!"