பெல்ட் வண்டி பகலவன் பார்க்காதது

பகலவன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். சேற்றில் இறங்குகிற பெல்ட் வண்டி. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தாலும் ஒரு மணி சிந்தாமல் அள்ளிக்கொண்டு வருவான் என்று வலங்கைமான் பக்கம் பேர். ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவன் வலங்கைமான் பக்கம் இருப்பதில்லை. அறுப்பு எங்கேயோ வண்டி அங்கே, வண்டி எங்கேயோ அவன் அங்கே. தை, மாசி இங்கே. அது முடிந்தால் வண்டியை லாரியில் ஏற்றிக் கர்நாடகா, தெலுங்கானா என்று போய்விடுவான். ஆடியில் செய்யாறு. கல்யாணம் ஆனதிலிருந்து இதே ஓட்டம்தான்.

அவனுக்கு ஒரே மகள். இளவெயினி. பத்து வயசு. வீட்டில் வெயினி.

வெயினி பள்ளிக்கூடம் போவதில்லை. முதலில் போனாள். அவள் அம்மா மதிவதனி டீச்சராக இருந்த அதே நர்சரி பள்ளிக்கூடம்தான். வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்ததும் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். லீவு நாளில் வலிக்காது. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு நாள் மதிவதனி பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். பேசிய குற்றத்துக்காக மகள் வாயில் விரல் வைத்துச் சுவரோரம் நிற்கிறாள். அன்று சாயங்காலம் தாயும் மகளும் ஒரே வேனில் வீடு வந்தார்கள். மறுநாளிலிருந்து இரண்டு பேருமே போகவில்லை.

அப்போது பகலவன் ராய்ச்சூரில் இருந்தான். போனில்தான் சேதி வந்தது. குதித்தான். "நான்தான் அஞ்சாவதோட நின்னேன், எம்மவளும் நிக்கணுமா?" என்று கத்தினான். மதிவதனி பதில் கத்தவில்லை. "எட்டாவது பரீட்சைய தனியா எழுதிக்கலாங்க. அதுவரைக்கும் அவ கேட்டா சொல்லுவோம். கேக்காம எதையும் சொல்ல வேணாம். பாத்துக்கலாம்" என்றாள். அதுதான் அந்த வீட்டின் சட்டம் ஆயிற்று. ஊர் பேசாத பேச்சில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருகிற டீச்சர்களுக்கு மதிவதனி டீ போட்டுக் கொடுத்து, பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்புவாள்.

பகலவனுக்கு நம்பிக்கை வர ரொம்ப நாள் ஆனது. வந்தபோது கூடவே ஒரு ஏக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். ஒரு தடவை தெலுங்கானாவிலிருந்து வண்டியோடு திரும்பினான். லாரியிலிருந்து இறக்கி நிறுத்தியிருக்கிறது. மகள் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்பக்கம் நின்று, "அப்பா, ஆபத்து, கிட்ட வராதேன்னு எழுதியிருக்கு. நீ தெனமும் கிட்டதானே போற?" என்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் போகும்போது வாசிக்கத் தெரியாத பிள்ளை.

"எப்படி மதி? யாரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்கே தெரியலங்க. ஒருநா வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன். பருப்பு கட்டி வந்த பேப்பர அது பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு."

சைக்கிள் விட்டது அவன் சிந்தனூரில் இருந்தபோது. மணி பார்க்கக் கற்றது செய்யாற்றில் இருந்தபோது. அவன் போகும்போது ஒரு பிள்ளை இருக்கும். வரும்போது வேறொரு பிள்ளை நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடமாக இருந்தால் இன்ன மாசம் இன்ன பாடம் என்றாவது இருக்கும். இங்கே அது எப்போது வரும், எந்த வாசல் வழியாக வரும் என்று தெரியாது.

ஒரே ஒரு தடவை, அது வரும்போது பக்கத்தில் இருந்துவிட வேண்டும். அவன் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. வெளியூரில் வண்டிக்கடியில் படுத்து போல்ட்டு முடுக்கும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

இந்த வருஷம் சமயம் வாய்த்தது. வண்டியில் என்ஜின் வேலை. முதலாளி ஹபீப் முகம்மது, "ஆனி பூரா வீட்டுல இரு பகலவா, வேல முடிஞ்சதும் கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு நாளில் தெளிந்து, கரை தொட்டு ஓடியது.

போன வருஷம் காதில் சீழ் வைத்ததால் வெயினியைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. இந்த வருஷம் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு ரோஸ்லின் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் மதகடிக்கு ஓடுவார்கள். ரோஸ்லின் மீன்குஞ்சு மாதிரி போவாள். வெயினி ஒரு வாழைமரத் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பாள்.

பகலவனுக்குப் புரிந்துவிட்டது. அடுத்தது இதுதான். இங்கேதான் வரப்போகிறது.

தினமும் கரையில் போய் நின்றான். மதகை ஒட்டித் தங்கையன் டீக்கடை. பகலவன் அந்த ஊருக்குப் பெண் கட்டி வந்தவன் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அவன் மாப்பிள்ளை. தங்கையன் சும்மா இருப்பாரா?

"என்ன மாப்ளே, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேணாம்னீங்க. வாய்க்காலுக்கு மட்டும் நீங்களே வாத்தியாரா?"

"நான் ஒண்ணும் சொல்லித் தரலையே. சும்மா பாக்குறேன்."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா மொதல்ல?"

"எங்க ஊருல ஏது மாமா ஆறு? பட்டுக்கோட்டைப் பக்கம் நாங்க பம்புசெட்டுத் தொட்டியில குளிச்சு வளந்தவங்க."

"அதானே பாத்தேன். கரையில நின்னுக்கிட்டுக் கைய வீசுறீங்களே, காத்துல நீஞ்சுறீங்களோன்னு நெனச்சேன்!"

பகலவன் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு கையும் அவனைக் கேட்காமலேயே காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. பின்னால் கட்டிக்கொண்டான்.

அப்புறம் ஒரு நாள் வெயினி வாழைத்துண்டை விட்டாள். பகலவன் இதோ, இதோ என்று ஒரு அடி முன்னால் வைத்தான். பிள்ளையின் தலை உள்ளே போனது. மேலே வரவில்லை. அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. லுங்கியோடு, சட்டைப்பையில் போனோடு, தடாலென்று குதித்துவிட்டான்.

தண்ணீர் அவனுக்கு நெஞ்சளவுதான். ஆனால் சேற்றில் கால் வழுக்கி அவனே உள்ளே போய், இரண்டு மடக்குக் குடித்து, கையில் அகப்பட்ட பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தான். ரோஸ்லின் அவன் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

"விடுப்பா! ஏம்ப்பா வந்த?" வெயினி அழுதாள். "தரையத் தொட்டுட்டு வரலாம்னு நானாதானே முங்குனேன்!"

"மாமா, அவ மூச்சப் புடிச்சிக்கிட்டுத்தான் போனா" என்றாள் ரோஸ்லின்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பெல்ட் வண்டி தண்ணியில எறங்கிருச்சு டோய்!" என்று ஒருத்தன் கத்தினான். மகள் யாரையும் பார்க்காமல் வாழைத்துண்டைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் வாய்க்காலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ரோஸ்லின் வந்து கூப்பிட்டாள். "நீ போ, எனக்கு வேணாம்" என்றாள். கோபம் இல்லை. அப்பாவோடு பேசினாள், சோறு பரிமாறினாள். ஆனால் தண்ணீர்ப் பேச்சை எடுக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்று ஒரு முறை சொன்னாள். மதிவதனி கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொன்னாள். "ஏங்க, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. நீங்க ஒண்ணும் தப்பா செய்யல. ஆனா நீங்க பாக்குறது அதுக்குப் பாரமா இருக்கு. வருமா வருமான்னு நீங்க நிக்கிறது அதுக்குத் தெரியுதுல்ல?"

"அப்பன் பாக்கக் கூடாதா மதி?"

"பாக்கலாம். காத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

பகலவன் வாளியைக் கீழே வைத்தான். பக்கத்தில் இருந்தால் அது வராது. வர வேண்டுமானால் அவன் இருக்கக் கூடாது. இத்தனை வருஷம் வண்டியால் விட்டுப்போனது என்று முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தான். இப்போது திட்ட யாரும் இல்லை.

காலையில் சட்டையை மாட்டினான். மகள் காதில் விழுகிற மாதிரி, "தஞ்சாவூர் போறேன். வண்டிக்குப் பிளேடு பாக்கணும். சாயங்காலம் ஆயிரும்" என்றான். பிளேடு ஒன்றும் தேவைப்படவில்லை. மதிவதனிக்குத் தெரியும். "சாப்புட்டுப் போங்க" என்றாள், அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் அவனுக்கு என்ன வேலை? கீழவாசலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்றான். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். அங்கே இருக்காது என்று தெரிந்த சாமானாகப் பார்த்து ஒன்றைக் கேட்டான். இல்லை என்றார். நிம்மதியாக வெளியே வந்தான். புதுஆற்றுப் பாலத்தில் போய் நின்றான். தண்ணீர் கரை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. பையன்கள் கரையிலிருந்து குதித்தார்கள். பகலவன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்நேரம் போயிருப்பாளா? ரோஸ்லினுக்கு இன்று லீவுதானே? போயிருப்பாள். இப்போது இறங்கியிருப்பாள். போன் பண்ணிக் கேட்கலாம் என்று எடுத்தான். அன்று தண்ணீர் குடித்ததிலிருந்து அந்தப் போனில் பாதி எழுத்து தெரிவதில்லை. திரும்பப் பையில் போட்டான்.

சாயங்காலம் பஸ் அவனை மதகடியில் இறக்கியது. தங்கையன் ஓடி வந்தார்.

"மாப்ளே, ஒங்க மக அக்கரைக்குப் போயிருச்சு! போயிட்டுத் திரும்பியும் வந்துருச்சு!"

"எப்படி மாமா? எப்படிப் போனா?"

"அதச் சொல்லுங்க. நான் வடை திருப்பிக்கிட்டிருந்தேன். நிமுந்து பாக்குறேன், அக்கரையில நின்னு கையாட்டுது."

ரோஸ்லின் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "நீயாவது பாத்தியாம்மா?"

"நான் முங்கியிருந்தேன் மாமா. எந்திரிச்சா அவளக் காணும்!"

வீட்டுக் கொடியில் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது. வெயினி வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, தண்ணீரால். பகலவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தான். முடியவில்லை.

"எப்படிம்மா வந்துச்சு?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "தெரியலப்பா. வாழத்துண்டப் புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன். பாத்தா அது அந்தாண்ட தனியா போய்க்கிட்டிருந்துச்சு."

"பயமா இல்லியா?"

"அப்ப இல்ல. அக்கர ஏறுனப்புறம்தான் காலு நடுங்குச்சு."

அவன் தலையாட்டினான்.

"நீ பாக்கலன்னு ஒனக்கு வருத்தமாப்பா?"

"ஆமாம்மா."

வெயினி ஒரு முறுக்கை ஒடித்து அவன் கையில் வைத்தாள். "நானும்தான் பாக்கலப்பா."

பகலவன் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவன் கிளீனராக இருந்த காலத்தில், டிரைவர் வரப்பில் படுத்துத் தூங்கினால் வண்டியை இப்படி அப்படி நகர்த்திப் பார்ப்பான். ஒரு நாள் பார்த்தால் அவன் கையாலேயே பாதி வயல் அறுத்துக் கிடந்தது. எந்த இடத்தில் ஓட்ட வந்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவனும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் அவனைக் கூட்டிப்போய் நீந்திக் காட்டினாள். அழகாகப் போனாள். கை தட்டினான். ஆனால் அது அவன் கேட்டது இல்லை. வந்து முடிந்த ஒன்று அது.

ஆடி பிறந்ததும் ஹபீப் முகம்மது கூப்பிட்டுவிட்டார். வண்டி தயார், செய்யாற்றில் கதிர் முற்றிவிட்டது. காலையில் வண்டியோடு லாரி வந்தது. வண்டிக்குக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, பகலவன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வீட்டில் மகள் இல்லை. விடிந்ததும் வாய்க்காலுக்குப் போய்விட்டாள் என்றாள் மதிவதனி. "வரச் சொல்லவா?" "வேணாம்."

மதகுப் பாலம் குறுகல். லாரி மெதுவாக ஏறியது. கீழே வெயினி இருந்தாள். இந்தப் பக்கம் முதுகு. மல்லாந்து மிதக்கப் பார்க்கிறாள். கையை விரித்துச் சாய்கிறாள், இடுப்பு கீழே போகிறது, மூக்கில் தண்ணீர் ஏறித் தும்முகிறாள். மறுபடி சாய்கிறாள். மறுபடி இடுப்பு இறங்குகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. தங்கையன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

பாலத்தின் நடுவில் ஒரு ஆடு படுத்திருந்தது. டிரைவர் கை ஹாரனுக்குப் போனது. பகலவன் எட்டி அந்தக் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அடிக்காதீங்க."

"ஆடு கெடக்குதுப்பா."

"நான் எறங்கி ஓட்டுறேன்."

இறங்கி, சத்தம் இல்லாமல் ஆட்டைக் காதைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். நிமிர்ந்து ஒரு தடவை கீழே பார்த்தான். மகள் மறுபடி சாய்ந்துகொண்டிருந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. இந்தத் தடவை இடுப்பு கொஞ்ச நேரம் நின்றது, பிறகுதான் இறங்கியது. இது நாளைக்கு வரலாம். நாளை மறுநாள் வரலாம். அவன் அப்போது செய்யாற்றில் ஏதோ ஒரு வயலில் இருப்பான்.

லாரியில் ஏறிக் கதவை அறையாமல், உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். பாலம் தாண்டும் வரை விடவில்லை.