லாபம் என்று சொல்லாத நாள்

எங்கள் எண்ணெய் மில் கம்பெனியாக மாறியபோது, முன்பின் தெரியாத யாரோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரிதான் எனக்கு இருந்தது. ஓசூரில் வீட்டை ஒட்டியே மில். அதுவரை மில் என்றால் என் வீட்டுக்காரர், அவ்வளவுதான். கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர்களாவது வேண்டுமாம். இரண்டாவது ஆள் நான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது.

ஆடிட்டர் மதராஸ்காரர். "தனி ஆளுக்கு வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். கம்பெனிக்கு ஒரே விகிதம். இனிமே மில் கம்பெனியோடது. சட்டப்படி கம்பெனி ஒரு தனி நபர்" என்றார்.

"அவருக்கும் சோறாக்கணுமா?" என்று கேட்டேன்.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "வேண்டாம்மா. அதுக்குச் சாவும் கிடையாது" என்றார்.

கிடங்கிலிருந்த நிலக்கடலையை அளந்து, பட்டியல் எழுதி, என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஒப்படைக்க வேண்டும். எங்கள் பக்கம் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, மர வள்ளத்தால் அளக்கிற வாய் முதல் அளவை "லாபம்" என்றுதான் சொல்லும். பிறகுதான் இரண்டு, மூன்று. கணக்குப்பிள்ளையும் அப்படியே எழுதத் தொடங்கியிருந்தார். ஆடிட்டர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"கைமாத்துற பட்டியல்ல லாபம்னு எழுதினா வரி அதிகாரி அதுக்கும் வரி கேப்பார். ஒண்ணுன்னே சொல்லச் சொல்லுங்க."

அளக்கிறவர் வள்ளத்தைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் அரிசி அளக்கும்போது மட்டும்தான் "ஒண்ணு" என்று தொடங்குவார்கள்.

"மொதலாளி, ஆளு உசுரோட நிக்கறப்ப அப்பிடி அளக்கக் கூடாதுங்க."

"சும்மா அளப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

நட்ட நடுப்பகல். இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். "ஒண்ணு" என்ற குரலும் கடலை கொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு குவியலும் அப்படியே தொடங்கியது. எனக்கு அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மில்லில் பெரிய நஷ்டம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் அப்பா எனக்குக் கொடுத்த புன்செயை அடமானம் வைத்துத்தான் சமாளித்தோம். கம்பெனியான வருஷம், பெங்களூர் சோப்புக்காரர் ஒருவர் எங்கள் எண்ணெய் முழுவதையும் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார். பழைய நஷ்டத்தைக் கழித்தால் வரி ஒன்றும் பெரிதாக வராது, நிலத்தை மீட்டுவிடலாம் என்று நம்பியிருந்தோம். ஆடிட்டர் அப்போதே எச்சரித்தாரோ என்னவோ, எங்கள் காதில் விகிதம் மட்டும்தான் விழுந்திருந்தது.

வரி அதிகாரி நல்ல மனிதர். கணக்குக் காட்டப் போனபோது எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"நஷ்டப்பட்டது யாரு?"

"நாந்தாங்க."

"இப்ப சம்பாதிச்சது?"

"அதுவும் நாந்தாங்க."

"இல்லைங்க, கம்பெனி. நஷ்டப்பட்டவரோட தொழில் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. அவர் நஷ்டத்தைக் கம்பெனி கழிச்சுக்க முடியாது. அது அவரோடவே போச்சு."

ஃபைலில் அவர் விரல் வைத்த தேதி, நாங்கள் கடலை அளந்த தேதி. "அவரோடவே" என்று அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

வரியைக் கட்டியதும் நிலத்தை மீட்க வழியில்லாமல் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இந்தா, அந்தாளு யாரப் பத்திப் பேசுனாரு?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்களப் பத்தித்தாங்க" என்று சொல்ல மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, களிக்கு ராகி எடுக்கத் தானியக் குதிரின் மூடியைத் திறந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சத்தமா சொல்லி அள. கேக்கட்டும்" என்றார்.

அவர் எந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு" என்று வந்துவிட்டது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.