லென் சக்டன் திருப்பிவைத்த ஏரியல்

லென் சக்டனுக்கு ஜூலியன் மெர்ட்டனைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. டெலிவிஷன் பெட்டிக்குள் மார்பளவுக்குத் தெரிகிற மனிதர் அவர். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வருவார். மேஜையில் ஒரு பூ ஜாடி, கழுத்தில் நல்ல டை, தேன் ஒழுகும் பேச்சு. அடுத்து என்ன வரப்போகிறது என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. அதைச் சொல்ல நாலு வார்த்தை போதும். அவர் நாற்பது வார்த்தை சொல்வார்.

"மழை பிடித்துக்கொண்டதே, கொடியில் கிடந்த துணியை உள்ளே எடுத்துவிட்டீர்களா?" என்பார்.

"எடுத்தாச்சு செல்லம்" என்பாள் லென்னின் மனைவி மேவிஸ், பெட்டியைப் பார்த்து.

இது இப்படி நடக்கிறது என்பதே லென்னுக்கு ஆறு மாதமாகத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் காகித ஆலையில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் மாடியில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவான். சாயங்காலம் எழுந்து, சாப்பிட்டு, தகரப் பெட்டியில் ரொட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். சென்ற குளிர்காலத்தில் ஆலையை மூடினார்கள். அதற்குப் பிறகுதான் தன் வீட்டில் பகலில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கிடைத்தது. பார்த்தால், கீழ்த்தளத்தில் இன்னொருவன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடம் ஓடும்போது மேவிஸ் இஸ்திரி போடுவாள். ரோமானியர்கள் சாலை போட்டது, தவளை முட்டையிடுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மதியம் செய்தியோடு சூப். அப்புறம் யாருக்கும் விளங்காத பரிசுப் போட்டி ஒன்று. இடையிடையே ஜூலியன் வருவார், தேநீர் ஆறுகிறது என்பார், மேவிஸ் கோப்பையை எடுப்பாள். எல்லாம் முடிந்து நிலையத்தை மூடுகிற நேரத்தில், அரசியாரை வாழ்த்தும் தேசிய கீதத்துக்கு முன்னால், "குட்நைட், நன்றாகத் தூங்குங்கள்" என்பார்.

"குட்நைட், செல்லம்" என்பாள் மேவிஸ்.

அதைக் கேட்கும்போதெல்லாம் லென்னுக்கு வயிறு பற்றி எரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் வெறும் லென். பெட்டிக்குள் இருப்பவன் செல்லம். அந்த முகம் வந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். அங்கே நின்றுகொண்டு ஒரு வேலையுமில்லாமல் குழாயைத் திறந்து மூடுவான்.

"அவனுக்கு நீ பேசறது கேக்காது, தெரியுமில்ல?" என்றான் ஒருநாள்.

"உனக்கு மட்டும் கேக்குதாக்கும்" என்றாள் அவள், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மே மாதம் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. முப்பது வருஷம். லென் மறக்கவில்லை, காலையில் வாழ்த்து அட்டை கொடுத்தான், சாக்லேட் பெட்டியும் கொடுத்தான். ராத்திரிச் சமையல் வேண்டாம், மீனும் சிப்ஸும் தானே வாங்கி வருவதாகச் சொன்னான். மேவிஸ் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அஞ்சேகாலுக்கு எங்கயும் போயிடாத. உன் நாற்காலில இருக்கணும். சமையலறைக்கு ஓடக்கூடாது."

"அஞ்சேகாலுக்கு என்ன?"

"ஜூலியன் வருவார்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போனவள், நீலப் பூப்போட்ட நல்ல சட்டையை எடுத்துக் கதவில் மாட்டிவைத்ததை லென் பார்த்தான். அந்தச் சட்டை தேவாலயத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருவது. கல்யாண நாளன்றுகூட அந்த ஜூலியனுக்காகத்தான் உடுத்துகிறாளா? லென்னுக்குக் காதில் புகை வந்தது. மற்ற நாள் எப்படியோ போகட்டும், இன்றைக்கு ஒருநாள் அந்த ஆள் என் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று தீர்மானித்துவிட்டான்.

பெட்டியை உடைக்க முடியாது. அது வாடகைப் பெட்டி. ஆனால் அவர்கள் தெரு குன்றின் முதுகில் இருந்தது. கிழக்கே யார்க்‌ஷர் டெலிவிஷன் கோபுரம், மேற்கே லங்காஷர் கோபுரம். தெருவில் எல்லா வீட்டுக் கூரையிலும் படம் பிடிக்கிற ஏரியல் கிழக்கே பார்க்கும். மேற்கே திருப்பினாலும் நாடகம், செய்தி எல்லாம் அநேகமாக அதேதான் வரும். நடுவில் வந்து பேசுகிற முகம் மட்டும் வேறு. ஆனால் மானமுள்ள எந்த யார்க்‌ஷர்காரனும் அப்படித் திருப்பமாட்டான். லங்காஷரோடு இவர்களுக்கு உள்ள பகை கிரிக்கெட்டைவிடப் பழையது.

மேவிஸ் கடைக்குப் போனாள். லென் ஏணியைச் சாத்தினான், புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டான், ஸ்பானரால் திருகைத் தளர்த்தி ஏரியலை மேற்கே திருப்பினான். கீழே வந்து பெட்டியின் பொத்தான்களைத் திருகிப் படத்தைப் பிடித்தான். கொஞ்சம் பனி பெய்த மாதிரி இருந்தது, ஆனாலும் தெரிந்தது. ஏணியைக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஐந்தேகால் ஆயிற்று. நீலச் சட்டை, உதட்டுச் சாயம், மடியில் கைகள். மேவிஸ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிறுவர் நிகழ்ச்சி முடிந்தது. திரையில் ஒரு பெண் வந்தாள், பச்சை உடையும் முத்துமாலையுமாக.

"ஜூலியனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மேவிஸ்.

"லீவாயிருக்கும்."

பச்சை உடைக்காரி சிரித்துக்கொண்டே பிறந்தநாள் பிள்ளைகளின் பெயர்களை வாசித்தாள். எல்லாம் ஓல்டம், போல்டன் என்று அந்தப் பக்கத்து ஊர்கள். மேவிஸ் கடைசிவரை கேட்டாள். பிறகு பெட்டியிலிருந்து பார்வையைத் திருப்பி, லென்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"முழங்கால்ல கரி" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது பழைய கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால் லென்னுக்கு நன்றாக இருந்திருக்கும். ஜெயித்த மாதிரியும் இருந்தது, எதையோ உடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது. மீன் வாங்கி வருகிறேன் என்று வெளியே நழுவினான்.

கடையில் நல்ல கூட்டம். லென் உள்ளே நுழைந்ததும் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இவர்தான்" என்றாள் ஒருத்தி. கடைக்காரர் கேட்காமலே ஒரு மீனைக் கூடுதலாக எண்ணெயில் போட்டார். அடுத்த வீட்டு டோரீன் பிக்கிள்ஸ் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாழ்த்துகள் லென். நான் அழுதே போய்ட்டேன். எங்க வீட்டுக்காரர்கூட பேப்பரைக் கீழ வச்சுட்டுக் கேட்டார்னா பாத்துக்கங்களேன்."

"ஆமாமா" என்றான் லென், ஒன்றும் புரியாமல்.

"அந்தக் கடைசி வரி எப்படி?"

"ரொம்ப நல்ல வரி."

"என்ன, முழிக்கறீங்க? நீங்க பாக்கலையா?"

லென் பொய் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் தெரு முழுக்கக் கேட்ட ஏதோ ஒன்றைத் தான் மட்டும் கேட்கவில்லை என்ற எண்ணம், சுடச்சுட எண்ணெய் தெறித்த மாதிரி நெஞ்சில் விழுந்தது. இதுவரை ஜூலியன் ஒருவன்மேல் இருந்த பொறாமை இப்போது வரிசையில் நின்ற அத்தனை பேர்மேலும் படர்ந்தது.

"ஏரியலைத் திருப்பிட்டேன்" என்றான்.

"எந்தப் பக்கம்?"

"மேற்க."

கடைக்காரர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "லங்காஷர் பக்கமாவா?" என்று ஒரு கிழவர் கேட்டார். மனைவியை அடித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று லென்னுக்குத் தோன்றியது.

டோரீன் அவனை ஓரமாக இழுத்துப் போனாள். "மேவிஸ் டிவி நிலையத்துக்கு லெட்டர் எழுதிப் போட்டிருக்கா. பிறந்தநாள் பேரெல்லாம் படிக்கறப்ப ஜூலியன் அதையும் வாசிச்சார். 'இத்தனை வருஷமா எனக்கு குட்நைட் சொன்னது நீங்க ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் அந்நேரத்துக்கு மெஷின்கிட்ட நின்னுட்டு இருப்பார். இப்ப அவர் வீட்டுல இருக்கார். உங்களுக்கு நன்றி, இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்.' இதைப் படிச்சுட்டு அந்த மனுஷன் சிரிக்கறார். 'இந்த அம்மா என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. லென் சக்டன், உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு'ன்னார். டிவியில, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

வினிகர் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டது லென் காதில் விழவேயில்லை.

வீட்டில் மேவிஸ் தட்டுகளைச் சூடாக்கி வைத்திருந்தாள். பெட்டி அணைந்திருந்தது. லென் பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"ஏணியைக் கொஞ்சம் பிடி" என்றான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியைப் போட்டு, பொத்தான்களைப் பழையபடி திருகி, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து ஏணியைப் பிடித்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. லென் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு ஸ்பானரை மாட்டினான்.

"வந்துட்டானா?"

"இன்னும் கொஞ்சம் கிழக்க."

"இப்ப?"

"வந்துட்டார். அடுத்து என்னன்னு சொல்லிட்டிருக்கார்."

லென் திருகை இறுக்கினான். இறுக்கி முடித்த பிறகும் இறங்கவில்லை. தெருவில் எல்லா ஏரியல்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. டோரீன் வீட்டுத் திரை அசைந்தது. கேட்டால் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மேவிஸ், குட்நைட்."

"மணி ஏழுகூட ஆகல."

"ஆகாட்டி என்ன. அவனுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான்."

கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"குட்நைட், செல்லம். இறங்கி வா, மீன் ஆறுது."

மேவிஸின் இரண்டு கைகளும் ஏணியின்மேல்தான் இருந்தன. என்றாலும் லென், புகைபோக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் முகம் தன்னைப் பார்த்திருக்கிறதா, ஜன்னலைப் பார்த்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினான்.