நாலாவது பிளக்

ஞாயிறு மாலை ஆறே முக்கால் மணி. பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் திரையில் 'மெக்கானிக் திருவேங்கடம்' என்று வந்தது. பேசியது அவர் மனைவி ராஜகுமாரி.

"மேடம், அவரு பூட்டாரு மேடம். ஊட்டுக்கு வந்து தண்ணி கேட்டாரு. கொண்டாறதுக்குள்ள சாஞ்சிட்டாரு. உங்க ஊட்டுக்குத்தானே வேலைக்கு வந்தாரு? அங்க நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்லாத்தாங்க இருந்தாரு" என்றேன்.

அது பொய்.

திருவேங்கடம் அம்பத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் இருந்தவர். அதை மூடிய பிறகு அண்ணனூரிலிருந்து மொபெட்டில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் கார் சர்வீஸ் செய்தார். எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து நிறம் பார்ப்பார். "காபி கலர்ல இருந்தா நல்லா கீதுன்னு அர்த்தம். கறுப்பா இருந்தா பெட்ரோலு ரொம்பத் துன்னுது. வெள்ளையா இருந்தா பட்டினி கெடக்குது."

எஞ்சின் சூடாக இருந்தால் மட்டும் பிளக்கைத் தொடமாட்டார். "சூட்டுல கயட்டுனா திருகு மரை பூடும் தங்கச்சி" என்று பானட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் அவசரப்படுத்தியபோது, "உன் ஊட்டுக்காரரு கோவமா வந்தா ஆற உட்டுத்தானே பேசுவே? இதுவும் அப்டித்தான்" என்றார்.

அதனால்தான் இந்த முறை சனிக்கிழமை காலையிலிருந்தே காரை எடுக்கவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு வந்தவர், பானட்டைத் திறந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். "ஆறட்டும்" என்று சொல்லி பார்க்கிங் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, வண்டி நேத்திலேர்ந்து நின்ன எடத்துலயே நிக்குது. இதுக்கு மேல ஆறணும்னா ஃப்ரிட்ஜுலதான் வெக்கணும்" என்றேன். பக்கத்தில் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஜெகதீசன் சத்தமாகச் சிரித்தார்.

திருவேங்கடமும் சிரித்தார். "இன்னா தங்கச்சி, கலாய்க்கிறியே" என்று தூணைப் பிடித்து எழுந்துவிட்டார்.

மூன்று பிளக்குகளை மாற்றினார். அன்று நிறம் பார்க்கவில்லை. பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நாலாவது கெட்டியா கீது. நாளைக்கு காத்தால வந்து போட்டுத் தரேன். அது வரைக்கும் பழசுலயே ஓடும்."

பாதி வேலையில் அவர் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. உதடு வெளுத்திருந்ததும் தெரிந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வருவீங்க? எனக்கு எட்டரைக்கு மீட்டிங்."

"எட்டுக்கே வந்துர்றேன்."

மொபெட்டை மூன்று முறை உதைத்துக் கிளப்பினார். கார் சாவி என் கையில்தான் இருந்தது. மருத்துவமனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

மறுநாள் அண்ணனூர் போனேன். ராஜகுமாரி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பெண்களிடம் சொன்னாள்: "கடைசி வரைக்கும் நல்லாத்தான் வேல செஞ்சிருக்காரு. இதோ, இந்த மேடம்தான் பாத்தாங்க."

தலையாட்டினேன்.

இன்றோடு பன்னிரண்டு நாள். மூன்று புதிய பிளக்குகள் எஞ்சினில் இருக்கின்றன. நாலாவது, பிரிக்காத அட்டைப் பெட்டியில், டாஷ்போர்டின் மேல் இருக்கிறது.