ஞானாம்பிகை கேட்ட பத்து நாள்

ஞானாம்பிகை என்னிடம் கேட்டது வெறும் பத்து நாள் லீவு. அதை நான் கொடுக்கவில்லை. ஈவிரக்கம் இல்லாதவள் என்று என்னைத் திட்டுபவர்கள் திட்டட்டும். ஆனால் கோப்பாயில் நான் பொறுப்பாக இருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும். பதினொரு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் படுத்த படுக்கை. கழுவ, புரட்ட, வாயில் சோறு தீத்த ஞானாம்பிகை ஒருத்திதான். கூட வேலை செய்த மற்றவள் டவுனில் ஏசி போட்ட கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் கொடுக்கிற சம்பளத்துக்கு அவளை எப்படிக் குறை சொல்வது?

ஞானாம்பிகைக்கு ஊர் மட்டுவில். வயது ஐம்பத்திரண்டு. தாய் தகப்பனைச் சின்னதிலேயே இழந்தவளை அண்ணன் நமசிவாயம்தான் தோட்டக் கூலிக்குப் போய் வளர்த்தார். கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறாள். படுக்கைப் புண் வந்த ஆளைக்கூட நோகாமல் புரட்டுவாள். வாயும் சும்மா இராது, பகிடி விட்டுக்கொண்டே இருப்பாள்.

மாசி மாதம் அந்த அண்ணன் படுக்கையில் விழுந்தார்.

"ஊரெல்லாரையும் பாக்கிறன் அக்கா. என்ரை அண்ணையை ஒரு பத்து நாள் பாத்திட்டு வாறன்."

"ஓம் ஞானம். ஆள் ஒண்டு கிடைக்கட்டும், போயிட்டு வா."

ஆள் எங்கே கிடைக்கிறது! பேப்பரில் போட்டேன், கோயில் கோயிலாகச் சொல்லிவைத்தேன். உடுவிலிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தது. கட்டில்களைப் பார்த்ததும் தாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கழுவிறதும் இருக்கோ? நாளைக்குக் கலியாணம் பேசேக்கை பிள்ளை என்ன வேலை எண்டு நான் சொல்லுறது?"

இன்னொருத்தி மத்தியானம் வரைக்கும் நின்றாள். சொல்லாமலே போய்விட்டாள். இந்தக் கிழங்களின் பிள்ளைகள் கனடாவிலிருந்து புதுக் கட்டில் அனுப்பினார்கள், சக்கர நாற்காலி அனுப்பினார்கள். அதைத் தள்ளுகிற ஆளை யார் அனுப்புவது? ஒவ்வொரு கிழமையும் ஞானாம்பிகை கேட்பாள். "ஆள் வரட்டும்" என்பேன். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இல்லத்துப் போன் அடித்தது. நமசிவாயத்தின் மகன் யதுசன்.

"அப்பா மோசம் போயிட்டார். நாளைக்குச் சனி, வைச்சிருக்கேலாது. ரெண்டு மணிக்கு எடுக்கிறம். ஞானம் மாமியை அனுப்பிவிடுங்கோ."

ஓம் என்று வைத்தேன். உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு முடியும். ஓட்டோவில் ஏற்றிவிட்டால் ஒரு மணிக்கு மட்டுவில். ஒரு மணித்தியாலம் முகத்தைப் பார்ப்பாள்தானே? நல்ல கணக்கு! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரம் உள்ளே தம்பிராசா மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டு சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தார். "வாயைத் திறவுங்கோ மாஸ்டர், இல்லாட்டி உங்களுக்கு இனிப் பொம்பிளை பாக்கமாட்டன்" என்றாள் ஞானாம்பிகை. பல்லில்லாத கிழங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்குச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கைகூடக் கழுவாமல் ஓட்டோவில் ஏறினாள்.

மட்டுவில் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் நேரத்தோடேயே பிரேதத்தை எடுத்துவிட்டார்களாம். இவள் போய் இறங்கியபோது பெண்கள் வீடு கழுவிக்கொண்டு நின்றார்கள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. இவள் ஓடியிருக்கிறாள். ஒழுங்கை முகப்பில் நாலு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

சாவுத் துடக்கு என்று அவள் மட்டுவிலில் நின்ற முப்பத்தொரு நாளும் நானே கழுவினேன், நானே தீத்தினேன். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த ஒரு மாதத்திலும் வேலை கேட்டு ஒரு குருவி வரவில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அவள் பையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"யதுசன் ஒன்பது மணிக்கே போன் அடிச்சவனாம், அக்கா."

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் ஞானம். சாப்பாடு முடியட்டும் எண்டு சொல்லாமல் வைச்சிட்டன். உன்னை விட்டா எனக்கு ஆரடி?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருந்தாலும் தீத்திப்போட்டுத்தான் போயிருப்பன். அதுகளைப் பட்டினி போட்டிட்டே ஓடியிருப்பன்? ஆனா அண்ணை அங்கை செத்துக் கிடக்கேக்கை நான் இங்கை பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன். என்னை ஏன் அக்கா சிரிக்க விட்டனீங்கள்?"